ஆடி முதல் ஐப்பசி மழை வரை: ராமநாதபுரம் கடற்கரையில் வீட்டுத் தோட்டத்தைக் காப்பது எப்படி?

ராமநாதபுரம் கடற்கரைக்குக் கோடை சித்திரை, வைகாசியோடு முடிவதில்லை. அக்னி நட்சத்திரம் கழிந்ததும் மலையோர மாவட்டங்களில் சாரல் விழும். இங்கே தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்றுதான் வீசும். ஆண்டுக்குச் சுமார் 800 மி.மீ. மழை பெறும் மாவட்டம் இது. அதில் பெரும்பங்கு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் கொட்டித் தீர்ந்துவிடும். அதனால் தொண்டி, தேவிபட்டினம், உச்சிப்புளி, மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் என்று எந்த ஊரில் தோட்டம் வைத்திருந்தாலும், கோடையின் கடைசி என்று கணக்கில் எடுக்க வேண்டியது ஆடி, ஆவணி, புரட்டாசி மாதங்களைத்தான். ஜூலை நடுவில் தொடங்கி அக்டோபர் நடு வரை.

இந்த மூன்று மாதத்தில் செடி பட்டுப்போனால் வெயில் மேல் பழி போடுவது வழக்கம். பெரும்பாலும் கொன்றது உப்பு. கிணற்றில் நல்ல தண்ணீர் குறையக் குறைய உப்பு கூடுகிறது. ஊற்றிய தண்ணீர் ஆவியாகிப் போக, அதிலிருந்த உப்பு மண்ணிலேயே தங்குகிறது. கடல் காற்று இலை மேலும் உப்பைப் படியவிடுகிறது. வேரைச் சுற்றி உப்பு சேர்ந்துவிட்டால் மண் ஈரமாக இருந்தும் செடியால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதைப் பார்த்து நாம் இன்னும் கொஞ்சம் உப்புத் தண்ணீரை ஊற்றுகிறோம். கீழே சொல்லும் வேலைகள் எல்லாம் ஒன்றைக் குறி வைத்தவை: மழை வரும்வரை உப்பை வேரிலிருந்து தள்ளி வைப்பது.

முதல் வேலை: தண்ணீரை அளந்து பாருங்கள்

வீட்டுக் குடிநீரைச் சோதிக்கப் பயன்படும் கையடக்க டி.டி.எஸ். மீட்டர் போதும். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அது பி.பி.எம். (லிட்டருக்கு மில்லிகிராம்) கணக்கில் காட்டும். கீழே வரும் எண்கள் எல்லாம் அந்தக் கணக்குதான். கிணறு, போர், குழாய்த் தண்ணீர், குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரத்தின் கழிவு நீர் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளந்து, தேதியோடு சுவரில் எழுதி வையுங்கள். ஆடி முதல் வாரம் ஒருமுறை, பிறகு 15 நாளுக்கு ஒருமுறை. ஆடியில் 900 காட்டிய கிணறு புரட்டாசியிலும் அதே 900-இல் நிற்கும் என்று நம்பிவிடக் கூடாது.

500-க்குள் இருந்தால் எந்தச் செடிக்கும் ஊற்றலாம். 500 முதல் 1,300 வரை கத்தரி, தக்காளி, மிளகாய், வெண்டை தாங்கும். ஆனால் அவ்வப்போது மண்ணைக் கழுவிவிட வேண்டும். பீன்ஸ், கேரட், முள்ளங்கி, வெங்காயம் இந்தத் தண்ணீரில் தேறாது. 1,300 முதல் 2,000 வரை கொத்தவரை, தட்டைப்பயறு, பீட்ரூட் போன்றவற்றை மட்டும் நம்பலாம். கொத்தவரை அளவுக்கு உப்பைத் தாங்கும் காய்கறிகள் குறைவு. இந்தக் கரையில் அதற்கு உரிய மதிப்பு கிடைப்பதில்லை என்பது எங்கள் கருத்து. 2,000-ஐத் தாண்டினால் தென்னை, சப்போட்டாவுக்கு விடுங்கள். தொட்டிப் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

சுத்திகரிப்பு இயந்திரத்தின் கழிவு நீரைத் தோட்டத்துக்கு விடுவது நல்ல பழக்கம் என்று பலரும் நினைக்கிறார்கள். உள்ளே போன உப்பில் பெரும்பகுதி செறிந்து வெளியே வருவது அதில்தான். கழிவு நீரை அளக்காமல் விடாதீர்கள். துணி துவைத்த தண்ணீரும் வேண்டாம். சலவைத்தூளில் சோடியம் அதிகம். அரிசி, பருப்பு, காய்கறி கழுவிய தண்ணீர் நல்லது. சோறு வடித்த கஞ்சியில் உப்புப் போடாமல் இருந்தால் அதையும் நீர்த்து ஊற்றலாம்.

கிணறு உள்ளவர்கள் இறைக்கும் விதத்தையும் மாற்ற வேண்டும். கடலோர மணலில் மழைத் தண்ணீர், கனமான உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கிறது. ஒரே மூச்சில் மோட்டார் போட்டு மட்டத்தை இறக்கினால் அடியிலிருக்கும் உப்புத் தண்ணீர் கூம்பு போல மேலே எழும்பிவிடும். மீண்டும் இறங்க நாளாகும். காலை 10 நிமிடம், மாலை 10 நிமிடம் என்று பிரித்து இறைத்துத் தொட்டியில் சேர்த்து வையுங்கள். முன்னோர் மணல் மேட்டில் ஆழமில்லாத ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு எடுத்ததன் காரணமும் இதுதான்.

மண்ணைப் பற்றி ஒரே ஒரு சோதனை

ஒரு கைப்பிடி மண்ணில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ விடுங்கள். பொங்கி நுரைத்தால் கிளிஞ்சல் சுண்ணாம்பு நிறைய இருக்கிறது. ராமேஸ்வரம் தீவுப் பகுதியிலும் மண்டபம் பக்கமும் இது சாதாரணம். இப்படிப்பட்ட மண்ணில் அடுப்புச் சாம்பல், முட்டை ஓட்டுத்தூள், சுண்ணாம்பு எதையும் சேர்க்கக் கூடாது. காரத்தன்மை இன்னும் ஏறும். ஜிப்சம் வாங்கிப் போடச் சொல்வார்கள். ஜிப்சம் வேலை செய்வது சோடியம் ஏறி இறுகிப்போன களிமண்ணில். கரையோர மணலுக்கு அது வீண் செலவு. மணலில் உள்ள உப்பு நல்ல தண்ணீர் இறங்கினாலே கழுவிக்கொண்டு போய்விடும்.

எதை வைத்துக்கொள்வது, எதைப் பிடுங்குவது

ஆடி பிறந்ததும் தோட்டத்தை ஒரு சுற்று வந்து செடிகளை வகை பிரித்துக்கொள்ளுங்கள். பாசத்தால் எல்லாவற்றையும் காப்பாற்றப் பார்த்தால் இருக்கும் தண்ணீர் பங்குபட்டு எல்லாமே அரைகுறையாகும்.

நாலைந்து மாதம் காய்த்து ஓய்ந்த வெண்டை, சுரை, பாகல், புடலைக் கொடிகளைப் பிடுங்கிவிடலாம். மஞ்சள் நரம்பு நோய் வந்த வெண்டையைக் கட்டாயம் பிடுங்க வேண்டும். தக்காளி இந்த வெப்பத்தில் பூக்கும், ஆனால் பிஞ்சு பிடிக்காது. பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் புழுக்கமாக இருந்தால் மகரந்தம் சரியாக உருவாகாமல் பூ உதிர்ந்துவிடும். அதற்கு மருந்து தேட வேண்டாம். பழைய தக்காளியை எடுத்துவிட்டுப் புரட்டாசி நாற்றுக்கு இடம் ஒதுக்குங்கள்.

கத்தரி, மிளகாய், கறிவேப்பிலை, முருங்கை, மல்லிகை, செம்பருத்தி, எலுமிச்சை, மாதுளை ஆகியவை காப்பாற்ற வேண்டியவை. வேர் ஊன்றிய செடிகள். மழை விழுந்ததும் முதலில் பலன் தருபவை இவைதான். தண்ணீர் வசதியைப் பொறுத்து இரண்டு சதுர மீட்டரில் சிறுகீரையோ தண்டங்கீரையோ போட்டு வையுங்கள், 25 நாளில் பறித்துவிடலாம்.

தண்ணீர் விடும் முறை

மணல் பாத்திக்கு இந்த மாதங்களில் சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு 5 முதல் 7 லிட்டர் தேவைப்படும். செடி வளர்க்கும் 20 லிட்டர் பைக்கு, செடியின் அளவைப் பொறுத்து, ஒன்றரை முதல் இரண்டரை லிட்டர். காய்க்கும் தென்னைக்கு 60 முதல் 80 லிட்டர். தண்டை ஒட்டி ஊற்றாமல் சுமார் 1.8 மீட்டர் ஆரத்துக்கு வட்டப்பாத்தி கட்டி அதில் விட வேண்டும்.

நல்ல தண்ணீர் என்றால் மண் சற்றுக் காய்ந்தபின் விடலாம். உப்புத் தண்ணீருக்கு அந்த விதி பொருந்தாது. மண் காயக் காய, மிச்சமிருக்கும் ஈரத்தில் உப்பின் செறிவு ஏறிக்கொண்டே போகும். அதனால் மணலில் தினமும், வெயில் கடுமையான நாளில் இரண்டு வேளையும் விட்டு ஈரத்தை ஒரே சீராக வைத்திருங்கள். காலை 7 மணிக்குள், மாலை 5 மணிக்கு மேல். தண்ணீர் வேர்ப் பக்கம் மட்டும் இறங்க வேண்டும். பூவாளியால் இலை மேல் தெளித்தால் துளி காய்ந்த இடத்தில் உப்பு தங்கி, ஓரிரு வாரத்தில் இலை ஓரம் கருகும். இலையைக் கழுவ வேண்டுமானால் குடிநீர் அளவுக்கு நல்ல தண்ணீர் இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

உச்சி வெயிலில் கத்தரி, பூசணி இலைகள் தொங்கினால் பதற வேண்டாம். மாலையில் நிமிர்ந்துவிட்டால் அது இயல்பு. காலை 6 மணிக்கும் தொங்கிக்கொண்டிருந்தால்தான் வேரில் கோளாறு.

பார் (மேட்டு வரிசை) பிடித்துச் சாலில் (இடைப்பள்ளத்தில்) தண்ணீர் விடுபவர்கள் செடியைப் பாரின் உச்சியில் வைக்கக் கூடாது. சாலில் விட்ட தண்ணீர் இரண்டு பக்கமும் ஏறி உச்சியில்தான் ஆவியாகிறது. உப்பும் அங்கேயே வெள்ளையாகப் பூக்கிறது. சரிவின் பாதி உயரத்தில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே நட்டால் வேர் தப்பிக்கும்.

தொட்டிச் செடிகள் மேல் தனிக் கவனம் வேண்டும். தரையில் உப்பு கீழே இறங்க வழி உண்டு, தொட்டியில் இல்லை. ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் அடியிலிருந்து ஐந்தில் ஒரு பங்காவது வடிய வேண்டும். வடிந்தது தட்டில் தேங்கி நின்றால் அதே உப்பு மீண்டும் மேலேறும், ஆகவே தட்டை எடுத்துவிடுங்கள். தொட்டி விளிம்பில் வெள்ளைப் பொருக்கு தென்பட்டால் இப்படிக் கழுவுங்கள்:

1. மேல்மண்ணை 2 செ.மீ. சுரண்டி எடுத்து வெளியே கொட்டுங்கள். பொருக்கைக் கிளறி உள்ளே கலந்துவிடாதீர்கள்.
2. 20 லிட்டர் பைக்கு நல்ல தண்ணீர் 15 லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் 5 லிட்டரை மெதுவாக ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். மண்ணில் படிந்த உப்பு கரைய அந்த நேரம் வேண்டும்.
3. மீதியை இரண்டு தவணையாக, அரை மணி இடைவெளி விட்டு ஊற்றுங்கள். மொத்தத்தையும் ஒரே தடவையில் கவிழ்த்தால் தண்ணீர் பையின் ஓரமாக ஓடிப்போகும், உப்பு நடுவிலேயே நிற்கும்.
4. கடைசியில் வடியும் தண்ணீரை அளந்து பாருங்கள். 2,500-க்கு மேல் காட்டினால் மறுநாள் இன்னொரு முறை கழுவ வேண்டும்.
5. இரண்டு நாள் கழித்து ஒரு கைப்பிடி மண்புழு உரம் வையுங்கள். உப்போடு சத்தும் கரைந்து போயிருக்கும்.

எல்லாத் தொட்டிக்கும் இவ்வளவு நல்ல தண்ணீர் கிடைக்காது. கறிவேப்பிலை, மல்லிகை, எலுமிச்சை போன்ற நெடுநாள் செடிகளுக்கு மாதம் ஒருமுறை செய்தால் போதும். வடியும் தண்ணீரை வீணாக்காமல் தென்னைப் பாத்தியில் கொட்டலாம்.

மண்பானைப் பாசனம்

தண்ணீர் குறைவாக உள்ள வீட்டுக்கு இதைவிடச் சிக்கனமான முறை இல்லை. மெருகு பூசாத 5 அல்லது 6 லிட்டர் மண்பானை வாங்குங்கள். வாங்குமுன் தண்ணீர் நிரப்பி இரண்டு மணி நேரம் வைத்துப் பாருங்கள். வெளிப்புறம் வியர்த்தாற்போல் ஈரமானால்தான் அது கசியும் பானை. அதிகம் வெந்து இறுகிய பானை தோட்டத்துக்கு உதவாது.

கழுத்து 3 செ.மீ. வெளியே தெரியும்படி பாத்தியில் புதைத்துச் சுற்றிலும் எருவும் மண்ணும் கலந்து இறுக்கமாக நிரப்புங்கள். இடுக்கில் காற்றுப்பை இருந்தால் கசிவு வேருக்கு எட்டாது. பானையிலிருந்து 15 செ.மீ. தள்ளி நான்கு பக்கமும் நான்கு கத்தரியோ மிளகாயோ நடலாம். வாயைச் சிரட்டையாலோ தட்டாலோ மூடி வையுங்கள், இல்லையென்றால் கொசு முட்டையிடும். மணலில் ஒன்று அல்லது இரண்டு நாளுக்கு ஒருமுறை நிரப்ப வேண்டியிருக்கும்.

உப்புத் தண்ணீர் ஊற்றினால் இரண்டு மாதத்தில் பானையின் கண்கள் அடைபடத் தொடங்கும். தண்ணீர் குறையும் வேகம் பாதியாகிவிட்டால் பானையைத் தோண்டி எடுத்து, நல்ல தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்துத் தேங்காய் நாரால் தேயுங்கள். சோப்பு வேண்டாம்.

மூடாக்கு

வெறும் மண் வெயிலைப் பார்க்கக் கூடாது. ஆவியாவது குறைந்தால் உப்பு மேலேறுவதும் குறையும். சாயல்குடி பக்கம் தொடங்கி இந்தக் கரை முழுக்கக் கிடைப்பது பனையோலை. காய்ந்த ஓலையைக் கைநீளத் துண்டுகளாக நறுக்கி 5 முதல் 7 செ.மீ. கனத்துக்குப் பரப்புங்கள். மெதுவாக மட்கும், காற்றில் பறக்காது. வைக்கோல் பரப்பினால் மேலே இரண்டு தென்னை மட்டையைப் படுக்க வைக்க வேண்டும். கச்சான் அள்ளிக்கொண்டு போய்விடும். தண்டைச் சுற்றி நாலு விரல் இடம் விடுங்கள், ஒட்டிப் போட்டால் கறையானும் தண்டழுகலும் வரும்.

சீமைக்கருவேல் இலையைப் பச்சையாகவோ சருகாகவோ மூடாக்குக்குப் போடக் கூடாது. மற்ற விதைகளின் முளைப்பைத் தடுக்கும் தன்மை அதற்கு உண்டு. தேங்காய் நார்த்தூளையும் வாங்கி அப்படியே கொட்டாதீர்கள். அதில் உப்பு இருக்கும். வாளியில் ஊறவைத்துப் பிழிந்து, தண்ணீர் மாற்றி, மூன்று முறை அலசியபின் பயன்படுத்துங்கள்.

கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பாசியும் கடல் தாழையும் (கடற்புல்) நல்ல உரம்தான், ஆனால் இப்போதைக்கு அல்ல. அவற்றில் கடல் உப்பு அப்படியே இருக்கிறது. சேகரித்துத் தோட்டத்துக்கு வெளியே ஒரு மூலையில் குவித்து வையுங்கள். ஐப்பசி மழை இலவசமாகக் கழுவிக் கொடுக்கும், தையில் எருக்குழிக்குப் போகலாம். கடலில் உயிரோடு இருப்பதைப் பறிக்க வேண்டாம். மன்னார் வளைகுடாத் தீவுகள் பாதுகாக்கப்பட்ட தேசியப் பூங்கா. தாழைப் படுகை கடற்பசு மேயும் இடம்.

கச்சானுக்கு வேலி

காற்றைத் தடுக்க மதில் எழுப்புவதைவிட, பாதிக் காற்றை உள்ளே விடும் வேலி நல்லது. மதிலில் மோதிய காற்று மேலேறி மறுபக்கம் சுழன்று விழுந்து செடியைப் பிய்க்கும். மட்டைக்கு மட்டை ஓர் அங்குல இடைவெளி விட்டுக் கட்டிய பனை மட்டை வேலி காற்றை வடிகட்டி அனுப்பும். 1.5 மீட்டர் உயர வேலி, பின்னால் 7 அல்லது 8 மீட்டர் வரை ஓரளவு காக்கும். தென்மேற்குப் பக்கத்தை முதலில் அடையுங்கள். நிரந்தர வேலிக்குப் பூவரசு, நொச்சி, கிளுவை மூன்றும் ஏற்றவை. போத்துகளை (நடுவதற்கான கிளைத் துண்டுகளை) இப்போதே தேர்ந்து வைத்து, மழை பிடித்ததும் ஊன்றுங்கள்.

மொட்டை மாடியில் 50 சதவீத நிழல்வலை போதும். 75 சதவீத வலையின் கீழ் கத்தரியும் மிளகாயும் உயரமாக வளர்ந்து காய்க்காமல் நிற்கும். வலையின் ஓரத்தைக் கயிற்றில் கோத்துக் கட்டுங்கள், ஆணியில் மாட்டினால் ஒரு வாரத்தில் கிழியும். தொட்டிகளைத் தளத்தில் நேரடியாக வைக்காமல் செங்கல் மேல் ஏற்றுங்கள். கறுப்புப் பைகளைச் சாக்கால் சுற்றுங்கள். வெயில் படும் பக்கத்து வேர்கள் வெந்துபோகாமல் இருக்கும்.

கவாத்து

கத்தரி: ஆவணி முதல் வாரத்தில், தரையிலிருந்து சுமார் 30 செ.மீ. உயரத்தில் இரண்டு மூன்று நல்ல கிளைகளை விட்டு மற்றதை வெட்டுங்கள். கூரான கத்தரிக்கோல் வேண்டும், நசுங்கிய முனை அழுகும். துளைப்புழு இருக்கும் நுனிகளை எருக்குழியில் போடாமல் எரித்துவிடுங்கள். ஒரு செடிக்கு ஒரு கிலோ மட்கிய எரு வைத்து மூடாக்குப் போட்டால் இரண்டு வாரத்தில் துளிர்க்கும், ஆறேழு வாரத்தில் பூக்கும். அதாவது மழை தொடங்கும் நேரம்.

மிளகாயில் மூன்றில் ஒரு பங்கு நுனியை மட்டும் கிள்ளுங்கள். முருங்கையில் காற்றுக்கு ஒடியக்கூடிய நீண்ட கிளைகளை ஒரு முழம் விட்டுக் குறையுங்கள். கறிவேப்பிலையில் பூவும் காயும் வந்தால் கிள்ளி எறிந்தால்தான் துளிர் வரும்.

மல்லிகையை இப்போது ஒட்ட வெட்டக் கூடாது. அதற்குரிய காலம் கார்த்திகை. நவம்பர் கடைசியில் 45 முதல் 50 செ.மீ. உயரத்துக்கு வெட்டுவார்கள். ஆவணியில் காய்ந்த குச்சிகளை மட்டும் எடுங்கள். ஆனால் பதியன் போட இது நல்ல நேரம். தங்கச்சிமடம், மண்டபம் பகுதியிலிருந்து மல்லிகை நாற்று தமிழகம் முழுக்கப் போகிறது. மணலும் கடற்காற்றின் ஈரமும் வேர் பிடிக்க அவ்வளவு தோதானவை.

1. பென்சில் கனத்துக்கு முற்றிய, வளையக்கூடிய ஒரு வயதுக் கிளையைத் தேர்ந்தெடுங்கள்.
2. மண்ணில் படும் இடத்தில், கணுவுக்குச் சற்றுக் கீழே, 2 முதல் 3 செ.மீ. நீளத்துக்குச் சாய்வாக ஒரு கீறல். கிளையின் பாதிக் கனத்துக்கு மேல் போகக் கூடாது. வெட்டு மூடாமலிருக்க ஒரு சிறு குச்சியைச் செருகுங்கள்.
3. வெட்டுப்பட்ட இடத்தை 10 செ.மீ. ஆழத்தில் வைத்து மண் மூடி, மேலே ஒரு கல் வையுங்கள். காற்றில் அசைந்தால் வேர் பிடிக்காது.
4. ஈரம் காயாமல் 90 முதல் 120 நாள். பிறகு தாய்ச்செடிப் பக்கம் பாதி வெட்டி, ஒரு வாரம் கழித்து முழுதாகப் பிரியுங்கள்.

உரம்: குறைவாக, கவனமாக

வெயிலும் உப்பும் சேர்ந்த நேரத்தில் ரசாயன உரம் போடுவது இன்னும் உப்பைக் கொட்டுவதற்குச் சமம். யூரியா, மூரியேட் ஆஃப் பொட்டாஷ் இரண்டையும் மழை வரை தள்ளிப்போடுங்கள். கோழி எருவிலும் உப்பு அதிகம். கடலைப் புண்ணாக்கு 100 கிராமை ஒரு லிட்டர் நீரில் மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு நீர் சேர்த்து, செடிக்கு அரை லிட்டர் வீதம் 15 நாளுக்கு ஒருமுறை விடலாம்.

மீன் அமிலம் தயாரிக்க இந்தக் கரையில் பொருளுக்குப் பஞ்சமில்லை. பச்சை மீனின் செவுள், குடல், தலை ஒரு கிலோ. நாட்டுச்சர்க்கரை ஒரு கிலோ. பிளாஸ்டிக் வாளியில் கலந்து, துணி கட்டி மூடி, நிழலில் 25 முதல் 30 நாள் வையுங்கள். தேன் நிறத்தில் திரவம் பிரியும். வடிகட்டி, லிட்டருக்கு 5 மி.லி. கலந்து மாலையில் தெளியுங்கள். கருவாட்டுக் கழிவையோ உப்பிட்ட மீனையோ ஒருபோதும் இதில் சேர்க்காதீர்கள். அழுகல் நாற்றம் அடித்தால் சர்க்கரை குறைந்துவிட்டது என்று பொருள். கால் கிலோ கூட்டிக் கலக்குங்கள்.

கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் விடும் பழக்கம் உள்ளவர்கள் உப்புப் போடாத மோர்தானா என்று பார்த்து விடுங்கள்.

இலையைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிப்பது

முதிர்ந்த இலைகளின் நுனியிலும் ஓரத்திலும் கருகல் தொடங்கினால், வேர்ப்பகுதியில் உப்பு. கருகல் தென்மேற்குப் பக்க இலைகளில் மட்டும் இருந்தால், காற்று கொண்டு வந்த உப்பு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு வேலி கட்ட வேண்டிய இடத்தில் தொட்டியைக் கழுவுவதும், கழுவ வேண்டிய இடத்தில் வேலி கட்டுவதும் அடிக்கடி நடக்கிறது.

இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் குறை. சுண்ணாம்பு மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்குக் கிடைக்காது. அன்னபேதி (இரும்பு சல்பேட்) 5 கிராம், எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) 1 கிராம், தண்ணீர் 1 லிட்டர் கலந்து மாலையில் இலையில் தெளியுங்கள். பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை. மண்ணில் போட்டால் சுண்ணாம்பு அதையும் முடக்கிவிடும்.

தக்காளிக் காயின் அடிப்பாகம் கறுத்து அழுகினால் கால்சியம் குறை என்று முட்டை ஓடு போடச் சொல்வார்கள். நம் மண்ணில் கால்சியம் தாராளமாக உண்டு. உப்பும் ஒழுங்கில்லாத தண்ணீரும் அதைக் காய் வரை போகவிடாமல் தடுக்கின்றன. ஈரத்தைச் சீராக்கினால் அடுத்த காய்கள் நன்றாக வரும்.

மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன். கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்திப்பேன். தென்னை, கொய்யா, செம்பருத்தி இலைகளின் அடியில் வெள்ளைச் சுருள் கோலம் போட்டிருந்தால் சுருள் வெள்ளை ஈ. அதன் கழிவில் வளரும் கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 10 கிராம் மைதாவைக் காய்ச்சிய கூழ் தெளித்தால், காய்ந்து உரியும்போது பூசணமும் சேர்ந்து உதிரும். விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் அட்டைகளைச் செடி உயரத்தில் தொங்கவிடுங்கள்.

ஆடியில் வேப்பம்பழம் கொட்டிக் கிடக்கும். பொறுக்கிச் சதை நீக்கி நிழலில் உலர்த்தினால் ஆண்டு முழுவதற்கும் மருந்து கிடைத்துவிடும். பருப்பை இடித்த தூள் 50 கிராமைத் துணியில் கட்டி ஒரு லிட்டர் நீரில் இரவெல்லாம் ஊறவைத்து, காலையில் பிழிந்து வடிகட்டி, சிறிது காதி சோப்புக் கரைத்து, அன்று மாலையே தெளித்துவிட வேண்டும். மறுநாளுக்கு வைத்தால் வீரியம் போய்விடும். வேப்பெண்ணெய் என்றால் லிட்டருக்கு 5 மி.லி.; இந்த வெயிலில் அதற்கு மேல் போனால் இலை பொசுங்கும்.

ஆவணிக் கடைசி: நாற்று

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது ஆடியில் தண்ணீர் உள்ள நாட்டுக்குச் சரி. மானாவாரியை நம்பும் இந்தக் கரையில் விதைப்பு புரட்டாசியில்தான் சூடு பிடிக்கும். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாயும் செப்டம்பர், அக்டோபரில் விதைக்கப்படுவதுதான். வீட்டிலும் அந்த ஒழுங்கையே பின்பற்றுங்கள்.

செடிக்கு வாழ்நாளில் உப்பை மிகவும் அஞ்ச வேண்டிய பருவம் முளைப்பு. கையில் இருக்கும் மிக நல்ல தண்ணீரை நாற்றுக்கு ஒதுக்குங்கள். 98 குழித் தட்டுக்கு நாளொன்றுக்கு ஒன்று முதல் இரண்டு லிட்டர்தான் ஆகும். அலசிய நார்த்தூள் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. விதையில் ஒரு சிட்டிகை டிரைக்கோடெர்மா விரிடி (அழுகல் நோயைத் தடுக்கும் நன்மை செய்யும் பூஞ்சை) புரட்டி, அரை செ.மீ. ஆழத்தில் ஊன்றுங்கள். ஆவணிக் கடைசியில் போட்ட தக்காளி, கத்தரி 25 முதல் 30 நாளிலும், மிளகாய் 35 முதல் 40 நாளிலும் நடவுக்கு வரும். தட்டு இல்லாதவர்கள் சிறு பனையோலைக் கொட்டானில் விதைக்கலாம். வேர் கலையாமல் கொட்டானோடு நட்டுவிடலாம், ஓலை மண்ணில் மட்கிவிடும்.

காலியான பாத்தியில் தக்கைப்பூண்டு சதுர மீட்டருக்கு 5 கிராம் விதையுங்கள். உப்பைத் தாங்கும். 45 நாளில் பூக்குமுன் மடக்கி மண்ணில் புதைத்து, இரண்டு வாரம் கழித்து நடலாம்.

புரட்டாசி: மழைக்கு முன்

கோடையில் தண்ணீர் தேங்கப் பள்ளமாக வைத்த பாத்திகளை இப்போது 15 முதல் 20 செ.மீ. மேடாக்குங்கள். இங்கே மழை வந்தால் ஒரே நாளில் கொட்டும். தேங்கினால் முருங்கையும் மிளகாயும் வேரழுகிச் சாகும். வடிகால் வாய்க்காலை மழை பெய்யும்போது வெட்டிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

மாடியைக் கூட்டிக் கழுவி, குழாய்களைச் சரிபாருங்கள். 100 சதுர மீட்டர் மாடியில் 10 மி.மீ. மழை விழுந்தால் 1,000 லிட்டர், சேதாரம் போக 800 லிட்டராவது தொட்டிக்கு வரும். முதல் 15 நிமிடத் தண்ணீரை வெளியே விட்டுவிடுங்கள். நாலு மாதம் மாடியில் படிந்த உப்பும் தூசியும் அதில்தான் இருக்கும்.

முதல் தூறலன்று ஒரு தவறு பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. மண்வாசனை வந்ததும் தண்ணீர் விடுவதை நிறுத்திவிடுகிறார்கள். 3 அல்லது 4 மி.மீ. தூறல் மேலே பூத்திருக்கும் உப்பைக் கரைத்து நேராக வேருக்கு இறக்கும். வேரைத் தாண்டிக் கீழே தள்ளும் பலம் அந்தத் தூறலுக்கு இல்லை. மறுநாளே செடி வாடி நிற்கும். ஆகவே தூறல் நின்றதும் வழக்கமான அளவு தண்ணீரை விடுங்கள். ஒரே மழையில் 25 மி.மீ.க்கு மேல் பெய்யும்வரை தண்ணீர் விடுவதை நிறுத்த வேண்டாம். மொட்டை மாடியில் நேர்ச்சுவர் உள்ள ஒரு டப்பாவை வைத்து, தேங்கியதை அளவுகோலால் அளந்தால் மழை எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

அப்படி இரண்டு மழை பெய்தபின் தொட்டியில் வடியும் தண்ணீரை மறுபடி அளந்து பாருங்கள். 1,000-க்குக் கீழே வந்துவிட்டால் நிழல்வலையைக் கழற்றலாம், முள்ளங்கியும் சின்ன வெங்காயமும் ஊன்றலாம்.